‘வேற?’ என்று கேட்டவர்

ஒருவர் ஒன்றும் பேசாமல் இருப்பதைப் பார்த்து, ‘இந்த வேலையைத்தான் நானும் செய்ய வேண்டும்’ என்று யாருக்காவது தோன்றியிருக்குமா? எனக்குத் தோன்றியது. மருதமுனையில், எங்கள் நெசவுச்சாலையின் பின்னறையில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது.

என் முதுகுக்குப் பின்னால் வாப்பா கதைத்துக்கொண்டிருந்தார். நூல் விலை, சாயத்தின் தரம், உதவி கொடுத்தவர்கள் கேட்கும் படிவங்கள், வீட்டு வேலைக்கு வெளிநாடு போகப் பாஸ்போட் எடுத்துவிட்ட நெசவுப் பெண்கள், கல்முனைக் கடைக்காரர்களின் தந்திரம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, “அவ்வளவுதான் மிஸ்” என்றார்.

“வேற?” என்றார் எதிரே இருந்த பெண்.

வாப்பா கொஞ்சம் யோசித்து இன்னொரு சுற்றுக் கதைத்தார். இந்த முறை அரசாங்கம் முழுவதும் அகப்பட்டது.

“வேற?”

அதற்குப் பிறகு வாப்பாவிடம் சொல்ல எதுவும் மிச்சமிருக்கவில்லை. அந்தப் பெண்ணும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பக்கம் தறிகள் அடிக்கிற சத்தம் மட்டும். நானாக இருந்தால் அந்த இடைவெளிக்குள் குதித்து நாலு ஆலோசனை சொல்லியிருப்பேன். பதற்றத்தில் என் கையிலிருந்த நூல் அறுந்தது. அப்போது வாப்பா, நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

“மிஸ், எனக்கு இந்த ஷெட்டுக்குள்ள வரவே விருப்பமில்ல.”

ஊரில் பெரிய முதலாளி. பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர். ஹாஜியார் என்றால் தெருவே எழுந்து நிற்கும். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வசனத்தை வரவைத்தது ஒரேயொரு சொல்லும் கொஞ்சம் பொறுமையும். நான் பிரமித்துப் போனேன். அறுந்த நூலை மெல்ல முடிச்சுப் போட்டேன்.

அது சுனாமிக்கு அடுத்த வருடம். கடலோரம் இருந்த எங்கள் பழைய நெசவுச்சாலை அத்திவாரம் வரை போய்விட்டது. ஓர் உதவி நிறுவனம் ஊரின் மேற்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டும் தறிகளும் தந்தது. அதோடு, தொழில் நடத்துகிறவர்களுக்கு ‘கோச்சிங்’ என்று ஒன்றையும் தந்தது. எங்கள் சூப்பர்வைசர் மாமா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“கிரிக்கெட்டுக்குத்தான் கோச் எண்டு கேள்விப்பட்டிருக்கன். ஹாஜியார் என்ன, பேட்டிங்கா போலிங்கா?”

“இந்த வயசில எனக்கு டியூசனாம்” என்றார் வாப்பா. ஆனால் தறி தந்தவர்களின் முகத்தை முறிக்க முடியவில்லை.

வந்தவரோ பெண். கல்முனைத் தமிழ்ப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்தில் ஆட்களைச் சேர்ப்பதும் பயிற்றுவிப்பதும் அவருடைய வேலையாக இருந்ததாம். கடல் வந்த பிறகு ஊருக்குத் திரும்பியவர், மறுபடி கொழும்புப் பக்கம் போகவேயில்லை. முதல் நாளே சிக்கல் வந்தது. அவருடைய முறைப்படி இரண்டு பேர் மட்டும் தனியாக இருந்து கதைக்க வேண்டும்.

“அந்நியப் பொம்புளையோட தனிய இரிக்க ஏலா மிஸ். எங்கட மார்க்கம் விடாது.”

“கதவு திறந்தே கிடக்கட்டும் ஹாஜியார். உங்கட ஆக்கள்ள ஒருத்தர் உள்ளுக்கு இருக்கட்டும். ஆனா அவங்கட காதுல விழுந்தது அவங்களோட நிக்கோணும்.”

அந்த ஒருத்தர், வாப்பாவின் மகள், நான். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம், அதாவது தொழில் நிருவாகம், படித்துக்கொண்டிருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி இரு என்பது வாப்பாவின் கட்டளை. அன்று கேட்டதை இன்று எழுதுவதற்கு வாப்பாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மிஸ்ஸின் பெயரைப் போடாததற்குக் காரணம் மிஸ்ஸேதான். “உங்கட தொழில் நல்லா வந்தா அந்தக் கதையில என்ட பேர் வரக்கூடாது. வந்தா நான் வேலையப் பிழையாச் செய்திருக்கன்” என்பார்.

மிஸ் ஸ்கூட்டியில் வருவார். ஹெல்மெட்டைக் கீழே வைக்கமாட்டார். மடியில் குழந்தையைப் போல வைத்திருப்பார். பிளேன்டீக்குச் சீனியைத் தனியாகக் கையில் வாங்கி, நக்கி நக்கிக் குடிப்பார். போகும்போது சாரியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துகள்களை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் குப்பைக் கூடையிலேயே போடுவார். மற்றவர் கதைக்கும்போது தலையாட்டமாட்டார். ‘ம்’ கொட்டமாட்டார். பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். முடிந்ததும், “வேற?” பலசரக்குக் கடைக்காரர் பருப்பைக் கட்டி வைத்துவிட்டுக் கேட்பாரே, அதே தொனி. அதில் அவசரம் இருக்காது, துருவலும் இருக்காது. தெரு முழுக்க அவரை ‘வேற மிஸ்’ என்றே சொல்லத் தொடங்கிவிட்டது; எனக்கு மட்டும் அவர் அக்கா. அவர் ஸ்கூட்டியில் போகும்போது பொடியன்கள் “வேற?” என்று கத்துவார்கள். அவர் கை காட்டிவிட்டுப் போவார்.

எங்கள் பிரச்சினை என்ன என்பது ஊருக்கே தெரியும் என்று நான் நினைத்தேன். காக்கா உயிரோடு இல்லை. என் ஒரே அண்ணன். நெசவுக்காரர்களோடு பேசுவது, புது வடிவங்களுக்குத் தறி ஒதுக்குவது, கொழும்புக் கடைகளுக்குப் போய்ச் சாரி விற்பது எல்லாம் காக்காவின் வேலை. கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பழைய நெசவுச்சாலையில் நின்றார். அதற்குப் பிறகு அந்த வேலையை வாப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. தானும் செய்யவில்லை. காக்காவின் மனைவி, எங்கள் மதினி, கணவன் மௌத்தானால் இருக்கும் இத்தாவை இருந்து முடித்து, திரும்பவும் சாரி வடிவங்கள் கீறத் தொடங்கியிருந்தா. அதைப் பார்த்த ஒரு கொழும்புக் கடைக்காரர் பெருநாளுக்கு நிறையச் சாரி கேட்டிருந்தார். மாதிரியை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். இது கிடைத்தால் நெசவுப் பெண்களுக்கு வருடம் முழுக்க வேலை. கைவிட்டுப் போனால், பாஸ்போட் எடுத்தவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். வெறும் தறிகள்தான் மிஞ்சும்.

இதைப் பேசத்தான் ஒவ்வொரு வியாழனும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மஷூராவுக்கு, ஆலோசனைக்கு, கூடினோம். வாப்பா, சூப்பர்வைசர் மாமா, நான், உள்வாசல் திரைக்குப் பின்னால் மதினி. எங்கள் ஊர்களில் எந்தக் கூட்டமும் ஸலவாத்துடன்தான் முடியும். நபிகள் மீது ஸலவாத்து ஓதிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். திறந்தால் அது அடக்கமில்லாத்தனம். மதினி திரைக்குப் பின்னாலிருந்து வாப்பாவிடம், “மாமா, அந்தக் கொழும்புச் சாரி…” என்று தொடங்குவா. வாப்பா உடனே, “சரி சரி, இன்ஷா அல்லாஹ் பாப்பம். எல்லாரும் ஸலவாத்து ஓதுங்க” என்பார். சூப்பர்வைசர் மாமாவின் கால் தன்பாட்டில் செருப்பைத் தேடும். முடிந்தது. அடுத்த வியாழனும் அதே. அதற்கடுத்ததும் அதே.

வாப்பாவிடம் இன்னொரு மாற்றமும் வந்திருந்தது. ஊர் அதை மெச்சியது. ஹாஜியார் தானே சைக்கிள் மிதித்துப் பேக்கரியில் பாண் வாங்குகிறார். நூல் கட்டைத் தானே தூக்கி வருகிறார். வேலையாட்களுக்குப் பிளேன்டீயும் தானே எடுத்து வருகிறார். “மாஷா அல்லாஹ், கடல் மனுசன எவ்வளவு பணிவாக்கிட்டு” என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

எனக்குப் பொறுமையில்லை. நூலகத்தில் நிறுவனத் தலைவர்களைப் பயிற்றுவிக்கும் முறைகளைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். முதலில் இலக்கைக் குறித்து அங்கிருந்து பின்னோக்கி வருகிற முறை. கீழே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுத் தலைவருக்குக் கண்ணாடி காட்டுகிற முறை. பலத்தையும் பலவீனத்தையும் கட்டம் போட்டு எழுதுகிற முறை. பெரிய அட்டை வாங்கி, கட்டம் கீறி, ‘பலவீனம்’ என்ற கட்டத்தில் ‘மகனின் இடத்தை விட்டுக்கொடுக்க மனமின்மை’ என்று வடிவாக எழுதிப் பின்னறையில் தொங்கவிட்டேன். வாப்பா அதன் மேல் துவாயைக் காயப்போட்டார்.

‘வேற மிஸ்’ துவாயை விலக்கி முழுவதையும் வாசித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. இத யாரு பாக்கிறதுக்கு எழுதின?”

“வாப்பா பாக்கத்தான் அக்கா. பிரச்சினை எனக்குத் தெரியும். நீங்க ஏன் நேரடியாச் சொல்லாம இரிக்கீங்க? காக்காட வேலைய யாருக்காவது குடுங்க எண்டு ஒரு வார்த்தை.”

“வேற?”

“குடுக்காட்டி மூடவேண்டியதுதான்.”

“வேற?”

“எனக்குத் தந்தா நான் செய்வன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. முகம் சுட்டது. அவர் சிரிக்கவில்லை. “இத வாப்பாட்ட சொல்லியிருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, துவாயைப் பழையபடி அட்டையின் மேல் போட்டுவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். சாய்ந்தமருதுப் பக்கம் ஓர் அரிசி ஆலை முதலாளி இருந்தார். ஆலையை விற்பதா வேண்டாமா என்று கேட்டவருக்கு இவர் பதிலே சொல்லவில்லையாம். அவர் எங்கள் ஷெட்டுக்கே வந்து வாப்பாவிடம் பொரிந்தார். “டொக்டர்ட்ட போனா மருந்து தருவான். இவ என்னெண்டா, எங்க நோகுது, வேற எங்க நோகுது எண்டு கேட்டுக்கிட்டே இரிக்கா. நோவு கூடினதுதான் மிச்சம்!” அவர் விலகிவிட்டார், ஆலையையும் விற்றார். பிறகு வருந்தினார் என்று கேள்வி. நான் இதை அக்காவிடம் சொன்னபோது, “அவர் சொன்னதிலயும் சரி இருக்கு” என்றார். அவ்வளவுதான். அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோ என்ற கேள்வி எனக்குள் இன்னும் கிடக்கிறது.

ஆனால் அந்த ஹர்த்தால் நாள் எனக்கு மறக்காது. கல்முனையில் கடைகள் பூட்டு, பிரதான வீதியில் டயர் எரிகிறது, தமிழ்ப் பக்கத்திலிருந்து முஸ்லிம் பக்கத்துக்கு ஒரு சைக்கிள் கூட வரவில்லை. பின்னேரம் அக்கா கடற்கரை மணலால் நடந்து வந்து நின்றார். செருப்பு ஒரு கையில், பழக்கதோஷமோ என்னவோ, ஹெல்மெட் மறு கையில்.

“அல்லாஹ்வே! இண்டைக்கு ஏன் மிஸ் வந்தீங்க?”

“செவ்வாய்க்கிழமை எண்டு சொல்லியிருந்தம்தானே ஹாஜியார்.”

அவர் போகும்போது வாப்பா ஊர் எல்லை வரை கூட நடந்தார். அன்றிலிருந்து ‘டியூசன்’ என்று யாராவது சொன்னால் வாப்பா முறைப்பார்.

அதற்குப் பிறகுதான் அக்கா ஒரு வியாழன் மஷூராவில் ஒரு மூலையில் இருந்து பார்க்க அனுமதி கேட்டார். பார்த்தார். வழக்கம்போல மதினி தொடங்கினா, வழக்கம்போல வாப்பா ஸலவாத்துச் சொன்னார், எல்லோரும் எழுந்தோம். அடுத்த செவ்வாய் பின்னறையில், நான் சுவரைப் பார்த்திருக்க, அவர் கேட்டார்:

“ஹாஜியார், வியாழக்கிழமை ஸலவாத்துக்குச் சரியா முதல், யாரு கதைச்சிக்கிட்டு இருந்த?”

வாப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது. “மிஸ், அது எங்கட மார்க்க விசயம்.”

“ஓம் ஹாஜியார். அதப் பத்தி எனக்கு ஒரு கதையும் இல்ல. அதுக்கு முதல் நிமிசத்தத்தான் கேக்கிறன்.”

தறிச் சத்தம். வாப்பா கோபித்து எழுந்துவிடுவார் என்று நான் பயந்தேன்.

“மருமகள்தான். கொழும்புக் கடைக்காரன்ட கதைய எடுத்தா.”

“வேற?”

“அது மகன் பாத்த வேலை.”

“வேற?”

“யாராவது மாதிரியக் கொண்டு கொழும்புக்குப் போகணும்.”

“வேற?”

“போகணும் எண்டா… நான்தானே மிஸ் அனுப்பணும்.”

இந்த முறை அவர் ‘வேற’ சொல்லவில்லை. நான் மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஹெல்மெட்டின் மேல் இருந்த அவருடைய விரல்கள் அசையவில்லை. வாப்பா தரையைப் பார்த்துக் கதைத்தார்.

“அண்டைக்கு அவன் போகமாட்டன் எண்டுதான் சொன்ன. ஞாயித்துக்கிழமைதானே வாப்பா, பிறகு போறன் எண்டான். நான்தான், மழை வாற மாதிரி இரிக்கி, சாயம் போட்ட நூல் வெளிய கிடக்கு, எடுத்து உள்ளுக்குப் போட்டுட்டு வா எண்டு அனுப்பின.” கீழே கிடந்த ஒரு நூல் துண்டைக் குனிந்து எடுத்தார். “மறுகா நான் ஒருத்தரையும் எங்கயும் அனுப்பல்ல.”

பாண். நூல் கட்டு. பிளேன்டீ. நாங்கள் பணிவு என்று மெச்சியது இதைத்தான். மனிதர் ஒருவரைப் பார்த்து ‘போ’ என்று சொல்லப் பயந்து, ஒரு வருடமாக எல்லா இடத்துக்கும் தானே ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். என் அட்டையில் அப்படி ஒரு கட்டம் இருக்கவில்லை.

அக்கா ஆறுதல் சொல்லவில்லை. தண்ணீர் கொடு என்று எனக்குக் கண் காட்டினார். வாப்பா குடித்து முடித்த பிறகு கேட்டார்: “வாற வியாழன் என்ன செய்து பாப்பீங்க ஹாஜியார்?”

“தெரியா மிஸ்.”

“சரி.”

அக்கா எழுந்து போக, நான் பின்னால் வாசலுக்கு ஓடினேன். அழுகையும் கோபமும். “ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா!” அவர் என்னைப் பார்க்காமல் ஹெல்மெட்டைப் போட்டு, நாடாவைப் பூட்டப் பார்த்தார். விரல்கள் கேட்கவில்லை. திரும்பவும் பார்த்தார். முடியவில்லை. நான்தான் அவருடைய நாடிக்குக் கீழே நாடாவைப் பூட்டிவிட்டேன். சாரியில் ஒட்டிய பஞ்சை எடுக்காமல் போன ஒரே நாள் அதுதான்.

வியாழன் வந்தது. மதினி திரைக்குப் பின்னாலிருந்து, “மாமா, கொழும்புக் கடையில இருந்து திரும்பவும் கோல் எடுத்தாங்க” என்றா. வாப்பா தொண்டையைச் செருமினார். நான் கையை மடியில் வைத்து ஸலவாத்துக்குத் தயாரானேன். சூப்பர்வைசர் மாமாவின் கால் செருப்பைத் தேடி, கண்டும் பிடித்துவிட்டது.

“வேற?” என்றார் வாப்பா.

மாமாவின் கால் செருப்புக்குள் பாதியில் நின்றது. திரைக்குப் பின்னால் மதினியும் திகைத்துப்போனா. பிறகு கதைத்தா பாருங்கள்! ஒரு வருடக் கதை. என்ன நிறத்துக்கு எந்த ஊரில் மவுசு, எந்தத் தறிக்கு எந்த நெசவுக்காரி, எந்த நூலைக் கலந்தால் விலை குறையும். காக்கா ஆசைப்பட்ட சாரிக் கரை ஒன்று, இன்னும் நெய்யப்படாமல் கிடப்பது. வாப்பா குறுக்கிடவேயில்லை. கடைசியில் மதினி சொன்னா: “என்ட வாப்பா துணைக்கு வருவாரு. நானும் தங்கச்சியும் கொண்டு போறம் மாமா. நீங்க ஓம் எண்டு சொன்னாப் போதும்.”

எல்லோரும் வாப்பாவின் வாயையே பார்த்தோம். அவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பவும் போட்டார்.

“போயிட்டு வாங்க மகள்” என்றார்.

அதற்குப் பிறகுதான் ஸலவாத்து ஓதினோம்.

கொழும்பிலிருந்து திரும்பிய பஸ் விடியக் காலையில் கல்முனைக்குள் நுழைந்தபோது, டிப்போ வாசலில் வாப்பா நின்றார். எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். “சுபஹ் தொழுதிட்டு இப்பதான்” என்றார். பக்கத்தில் நின்ற த்ரீவீல்காரர் வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

பெருநாள் ஓடர் கிடைத்தது. காக்காவின் வேலையை மதினி எடுத்தா. விற்பனையை என்னிடம் தந்தா. நான் கேட்டதும் தந்தா; கேட்பதற்குத்தான் எனக்கு இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. போர் முடிந்து வடக்குப் பாதை திறந்ததிலிருந்து யாழ்ப்பாணத்துக்கெல்லாம் எங்கள் சாரி போகிறது. நல்ல வேலைதான். ஆனால் கடைக்காரர்களோடு விலை பேசும்போதெல்லாம் என் மனம் அந்தப் பின்னறையிலேயே நின்றது.

அக்கா வடக்கே போய்விட்டார். அங்கே திரும்பவும் தொடங்குகிற கூட்டுறவுச் சங்கங்களோடு வேலையாம். விடைபெற வந்த நாளில் நான் ஒரு துணிச்சல் செய்தேன்.

“உங்கட வீட்டில யாரு யாரு அக்கா?”

“அம்மா.”

“வேற?”

என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன், அவரைப் போலவே. அவருடைய கண்ணில் ஏதோ ஒன்று கரைக்கு வந்தது போல இருந்தது. பிறகு சிரித்து ஹெல்மெட்டை எடுத்தார். “நல்லா வாறீங்க” என்றார். அன்று நாடாவைத் தானே பூட்டிக்கொண்டார். பஞ்சுத் துகள் ஒன்றும் மிச்சமில்லை.

போன மாதம் வினாயகபுரத்திலிருந்து ஒரு மீன்பிடிச் சங்கத் தலைவர் மகளின் கலியாணத்துக்குச் சாரி எடுக்க வந்தார். சாரியை மடித்து வைத்துவிட்டு, சத்தியமாகக் கடைக்காரியாகத்தான் “வேற?” என்று கேட்டேன். மனிதர் சங்கத்துக் கதையைத் தொடங்கி, கொண்டுவந்த தேத்தண்ணி ஆறும் வரை சொன்னார். கூட்டம் வைத்தால் யாரும் வருவதில்லையாம். புதுப் படகுகள் கரையில் கிடந்து காய்கின்றனவாம். போகும்போது, “பிள்ளை ஒருக்கா எங்கட பக்கம் வந்து இருங்களன். தனிய எண்டு யோசிக்காதீங்க, என்ட பெண்சாதி பக்கத்துல கிழிஞ்ச வலை பொத்திக்கிட்டு இருப்பா” என்றார்.

நாளைக்குப் போகிறேன். வாப்பாவிடம் சொன்னபோது, எத்தனை மணிக்குப் பஸ் என்று மட்டும் கேட்டார். திரும்பி வரும்போது டிப்போ வாசலில் நிற்பார், தெரியும்.

அட்டை கொண்டு போகவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. நான் வாய் மூடி இருந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சங்கத் தலைவர் எல்லாவற்றையும் கொட்டி முடித்து, அந்த வெறுமையான இடைவெளி வந்து நிற்கும்போது, ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்க்கப் போகிறேன். பக்கத்தில் அவருடைய மனைவியின் கையில் வலை நூல் அறுந்தாலும் சரி.